ஓதியது மறக்கவில்லை; படித்தது மறக்கிறதே!



சில மாதங்களுக்கு முன்பு பூம்புகாருக்குப் பக்கத்து ஊரொன்றில் ஜும்ஆத் தொழுகையை முடித்துவிட்டு வெளியே வந்தபோது, ஒரு சிறுவன் வந்து, “எங்கள் வீட்டிற்கு ஒரு நடை வர வேண்டுமாம், அம்மா சொன்னார்கள்” என்று அழைத்தான். சென்றோம். திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடு. தகப்பனார் வளைகுடா நாட்டில் பல ஆண்டுகளாக வேலையிலிருக்கிறார். மூத்த மகன் பக்கத்துக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு.

கதவுக்குப் பின்னாலிருந்து தாயார் பேசினார்கள். “பிள்ளைக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை, ஹஜ்ரத். கண்ணேறு பட்டதோ என்னவோ. விடிய விடியப் படிக்கிறான், பரீட்சையில் போய் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துபோகிறதாம். ஓதிப் பார்த்து, கொஞ்சம் தண்ணீரும் ஓதித் தாருங்கள்.”

ஓதிக் கொடுத்தோம். துஆவும் செய்தோம். துஆவின் பலனை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆயினும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, “எத்தனை அரியர், தம்பி?” என்று மெதுவாகக் கேட்டோம். தாயாரின் காதில் விழாதபடி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். “அத்தாவுக்குத் தெரியுமா?” என்றோம். தலையைக் குனிந்துகொண்டான். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டதாகத்தான் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். மூன்று பருவத் தேர்வுகளாக அப்படியே சொல்லி வருகிறான். கட்டணம் என்று கேட்ட போதெல்லாம் பணம் வந்திருக்கிறது. அரியருக்குக் கட்டும் பணத்தையும் வேறு பெயர் சொல்லி வாங்கியிருக்கிறான்.

இந்தப் பிள்ளை ஒருவனுடைய கதையாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். மன்னம்பந்தலில் 1955-ல் ஏ.வி.சி. கல்லூரியும், மேலையூரில் 1964-ல் பூம்புகார் கல்லூரியும் வந்த பிறகு, இந்தக் கடைமடைப் பகுதியில் பட்டப்படிப்பு என்பது பட்டணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்த் தேட வேண்டியதாக இல்லாமல், பஸ் ஏறிப் போய் வரும் தூரத்துக்கு வந்துவிட்டது. பாட்டனார் கைநாட்டு, தகப்பனார் எட்டாம் வகுப்பு, மகன் கல்லூரி என்று ஏறி வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. கல்லூரியில் சேர்ப்பது எப்படி என்று அந்தக் குடும்பங்கள் தெரிந்துகொண்டு விட்டன. சேர்ந்த பிறகு எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. கல்லூரியிலோ, அது முன்பே தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை தத்தளிக்கிறான்.

நாம் அவனிடம் இன்னொரு கேள்வி கேட்டோம். “தம்பி, யாஸீன் ஸூரா மனப்பாடம் உண்டா?”

“உண்டு.”

“ஓதும் பார்ப்போம்.”

83 ஆயத்துகளையும் ஓரிடத்தில்கூடத் தட்டுத் தடுமாறாமல் ஓதி முடித்தான். ஒன்பது வயதில் மக்தபில் பாடம் கொடுத்ததாம். பத்தாண்டுக்கு மேலாகிறது. ஐந்து மாதத்துக்கு முன்பு படித்த வணிகச் சட்டம் நினைவில் இல்லை. பத்தாண்டுக்கு முன்பு ஓதியது நாக்கில் நிற்கிறது. அப்படியானால் நினைவாற்றலில் பழுது எங்கே? கண்ணேறு பட்டிருந்தால் இரண்டுக்கும் அல்லவா பட்டிருக்க வேண்டும்! கதவுக்குப் பின்னாலிருந்த தாயாரும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள்.

யாஸீனை எப்படிப் பாடம் செய்தாய் என்று கேட்டோம். உஸ்தாத் நாளொன்றுக்கு நாலைந்து ஆயத்துதான் கொடுப்பார். மறுநாள் குர்ஆனை மூடி ரஹலில் வைத்துவிட்டு, அவர் முன்னால் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். திக்கினால் புதிய பாடம் கிடையாது. பழையதையே திரும்பப் பார்த்துவிட்டு வர வேண்டும். புதுப் பாடத்திற்கு முன்னால் முந்தைய நாட்களின் பாடத்தையும் சேர்த்தே ஒப்பிக்க வேண்டும். முழு ஸூராவும் முடிந்த பிறகு, வெள்ளிக்கிழமை இரவு தோறும் அம்மா உட்கார வைத்து ஓதச் சொல்வார்கள். இதுதான் அவன் சொன்ன விவரம்.

வணிகச் சட்டத்தை எப்படிப் படித்தாய் என்று கேட்டோம். பரீட்சைக்கு முந்தைய நாள் மாலையில் கூட்டாளி ஒருவனுடைய நோட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டான். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்துத் தேநீர் குடித்துக்கொண்டே விடியும்வரை மூன்று தடவை வாசித்தான். முக்கியமென்று தோன்றிய இடத்தில் கோடிட்டான். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்தது போலவே இருந்ததாம். கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும், எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் அந்த விடை இருந்தது என்பது ஞாபகம் வந்ததாம். விடை மட்டும் வரவில்லையாம்!

அவன் சொன்ன இந்தக் கடைசிச் செய்தியைக் கவனிக்க வேண்டும். வாசிக்கும்போது தெரிந்தது போல் இருப்பது வேறு. புத்தகம் இல்லாதபோது தெரிவது வேறு. தெருவில் ஒருவரைக் கண்டால் “இவரைத் தெரியுமே” என்கிறோம். அவர் பெயரைச் சொல் என்றால் விழிக்கிறோம். முகம் தெரிந்ததைப் பெயர் தெரிந்ததாக எண்ணி ஏமாறுகிறோம். மூன்று தடவை வாசித்த மாணவன் பாடத்தின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

நம் முன்னோர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அரபி மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் ‘தஃலீமுல் முதஅல்லிம்’ என்னும் சிறு நூலைப் பலர் அறிந்திருப்பீர்கள். சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு இமாம் ஸர்னூஜி (ரஹ்) அவர்கள் மாணவர்களுக்கென்றே எழுதியது. பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு அதில் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றைய பாடத்தை இன்று ஐந்து தடவை, முந்தா நாள் பாடத்தை நான்கு தடவை, அதற்கு முந்தியதை மூன்று, அதற்கும் முந்தியதை இரண்டு, அதற்கு முன்னதை ஒரு தடவை. புதியது அதிகம், பழையது கொஞ்சம். ஆனால் எதையும் ஒரேயடியாக விட்டுவிடுவதில்லை. தொடக்கத்தில் பாடத்தின் அளவு, இரண்டு தடவை சொன்னால் மனதில் பதியும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

இதே செய்தியை மேலை நாட்டார் மிகவும் பிந்தித்தான் சோதித்து அறிந்தார்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து, 1885-ல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதற்குப் பிறகு மறதியின் வேகம் குறைந்தது. ஆகவே மறப்பது அந்தப் பிள்ளையின் தனிக் குறை அல்ல. ஆதமுடைய மக்கள் எல்லோருக்கும் உள்ள இயல்பு. திருப்பிப் பார்க்காததுதான் குறை.

2006-ல் அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கட்டுரையை ஒரு கூட்டம் மாணவர்கள் நான்கு முறை வாசித்தார்கள். இன்னொரு கூட்டம் ஒரு முறைதான் வாசித்தது. மற்ற மூன்று முறையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: நூற்றுக்கு 83, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். நான்கு முறை வாசித்தவர்களிடம் 40 தான் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 இருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் வாசித்த கூட்டத்தார்தாம்! மூடி வைத்துவிட்டு ஒப்பிக்கச் சொன்ன நம் மக்தப் உஸ்தாதுக்கு இந்தச் சோதனை தெரியாது. அவர் செய்தது என்னவோ அதுதான்.

கைப்பேசியில் படம் பிடித்து வைத்த நோட்டைப் பற்றி அந்தப் பிள்ளை சொன்னபோது, நமக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பற்றிய வரலாறு நினைவுக்கு வந்தது. இளமையில் ஜுர்ஜான் என்ற ஊருக்குச் சென்று பாடம் கேட்டு, குறிப்புகளையெல்லாம் எழுதிப் பையில் போட்டுக்கொண்டு தம் ஊரான தூஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்களாம். வழியில் கொள்ளையர் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். அவர்கள் பின்னாலேயே ஓடி, வேறெதுவும் வேண்டாம், அந்தக் குறிப்புகளை மட்டும் கொடுத்துவிடுங்கள், என் கல்வியெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று மன்றாடினார்கள். கொள்ளையர் தலைவன் சிரித்தானாம். பையை எடுத்துக்கொண்டால் கல்வியே போய்விடும் என்றால், நீ கற்றவன் என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறாய் என்ற பொருளில் கேட்டுவிட்டு, இரக்கப்பட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தானாம். இமாம் அவர்கள் ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள் அந்தக் குறிப்புகள் அனைத்தையும் மனதில் ஏற்றிய பிறகே ஓய்ந்தார்கள் என்று வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். கொள்ளையன் வாயிலிருந்து வந்தாலும் பாடம் பாடமே என்று எடுத்துக்கொண்ட பெருந்தன்மையையும் இதில் பார்க்கிறோம். இன்றைய மாணவனின் பை, சட்டைப் பையில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். யாஸீனைப் பொருள் தெரியாமலும் ஓதிவிடலாம். ஓதுவதற்கே நன்மை உண்டு. வணிகவியலைப் பொருள் தெரியாமல் ஒப்பித்தால் கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டதும் மாட்டிக்கொள்வான். அதுவும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் படிக்க நேரும் பிள்ளைகளின் கஷ்டம் தனிக் கஷ்டம். ஆசிரியர் சொல்லும் வார்த்தையைப் புரிந்துகொள்வதற்குள் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார். இதை நாம் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

“உனக்குப் புரியாத பாடம் ஒன்று சொல்” என்றோம். வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்றான். இரண்டு தடவை அதில்தான் போயிற்றாம். நாம் தாயாரிடம் வங்கிப் பாஸ்புக்கையும், வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டையும் கேட்டு வாங்கினோம். அந்தத் தாயார் ஆறாம் வகுப்புவரை படித்தவர்கள். வரவு செலவை ஒரு காசு பிசகாமல் எழுதி வைப்பவர்கள். அவர்கள் நோட்டில் ஒரு தொகை, பாஸ்புக்கில் வேறு தொகை. “இது ஏன் அம்மா?” என்று மகனைக் கேட்கச் சொன்னோம். மளிகைக் கடைக்காரருக்குக் கொடுத்த காசோலையை அவர் இன்னும் வங்கியில் போடவில்லையாம். அதனால் நோட்டில் கழிந்தது பாஸ்புக்கில் கழியவில்லை. வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம் பாஸ்புக்கில் இருக்கிறது, நோட்டில் ஏறவில்லை. அத்தா அனுப்பிய பணம் வெள்ளிக்கிழமையே வங்கிக்கு வந்துவிட்டது; அம்மாவுக்குத் திங்கட்கிழமைதான் தெரியும். தாயார் இதையெல்லாம் தடையில்லாமல் சொல்லிக்கொண்டே போனார்கள். பிள்ளை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற காரணங்களை வரிசையாக எழுதி, ஒன்றிலிருந்து புறப்பட்டு இன்னொன்றுக்கு வந்து சேர்வதுதானே அந்தப் பாடம்! கல்லூரியில் ஆங்கிலப் பெயரோடு வந்ததால் பூதமாகத் தெரிந்தது.

எனவே பாடத்தை முதலில் வீட்டுத் தமிழில் யாருக்காவது சொல்லிப் பார்க்க வேண்டும். தங்கை போதும், தாயார் போதும். அவர்கள் “ஏன்?” என்று கேட்டு நாம் விழித்தால், புரியாத இடம் அதுதான். மறுநாள் ஆசிரியரிடம் அதை மட்டும் கேட்க வேண்டும். “ஒன்றும் புரியவில்லை” என்று போய் நின்றால் எந்த ஆசிரியராலும் உதவ முடியாது. “இந்தப் படியிலிருந்து அந்தப் படிக்கு எப்படி வந்தீர்கள்?” என்று கேட்டால் சொல்லித் தராத ஆசிரியர் அரிது. அதன் பிறகு பத்து ஆங்கிலச் சொற்களைத் தனியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு விடையை ஆங்கிலத்தில் எழுதிப் பழகலாம்.

இனி நேரத்தைப் பற்றி. காவிரி மண்ணில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. மேட்டூரில் ஜூன் 12-ஆம் நாள் தண்ணீர் திறந்தால் குறுவை. ஆடுதுறை 36 ரகம் 110 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். கல்லூரியில் ஒரு பருவம் என்பதும் ஏறக்குறைய 90 வேலை நாட்கள்தான். விடுமுறையும் சேர்த்தால் ஒரு குறுவைப் போகம். நாற்று விட ஒரு காலம், நடவுக்கு ஒரு காலம், களை பறிக்க ஒரு காலம். நூறு நாள் வயலை எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, நூற்றொன்பதாம் நாள் இரவு பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றிக்கொண்டு வயலில் விடிய விடிய உழுதவனைக் கண்டால் ஊரார் என்ன சொல்வார்கள்? அதையே மகன் புத்தகத்தில் செய்தால் “பாவம், ராத்திரியெல்லாம் கண் விழித்துப் படிக்கிறான்” என்று பாலைச் சுட வைத்துக் கொடுக்கிறோம்!

இங்கே கடைமடையில் நீர் வருவதும் முறை வைத்துத்தான். முறை வந்த நாளில் வாய்க்காலில் நிற்காதவன் வயல் காயும். நம் மார்க்கம் நாளை ஐந்து வேளைகளாகப் பிரித்துக் கொடுத்திருப்பது மாணவனுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நினைத்துப் பார்க்கிறோமா? ஸுப்ஹு தொழுகைக்கும் கல்லூரிப் பேருந்துக்கும் இடையில் ஒரு முறை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு முறை. இமாம் ஸர்னூஜி அவர்களும் படிப்புக்கு மிகச் சிறந்த நேரங்களாக வாலிபப் பருவத்தையும், ஸஹர் வேளையையும், மஃரிப் இஷா இடைவேளையையுமே குறிப்பிடுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் உம்மத்தின் அதிகாலையில் பரக்கத் வேண்டி துஆ செய்திருப்பது ஹதீஸ்களில் வருகிறது.

அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்ன ஏற்பாடு இதுதான். மஃரிபுக்குப் பின் அன்றைய வகுப்புகளின் நோட்டை ஒரு முறை பார். மூடு. ஒரு வெற்றுத் தாளில் நினைவிலுள்ளதை எழுது. திற; விட்டதைச் சிவப்பு மையால் சேர். ஸுப்ஹுக்குப் பின் நேற்றையது, போன வாரத்தது, அரியர் பாடத்தில் ஒன்று ஆகியவற்றைத் தாளைப் பார்க்காமல் சொல்லிப் பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் பழைய கேள்வித்தாள் ஒன்றில் ஒரே ஒரு பெரிய கேள்விக்குக் கடிகாரத்தை வைத்து விடை எழுது. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இதற்கு வேண்டாம். கொஞ்சமாக இருந்தாலும் இடைவிடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பது தொழுகை நோன்புக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? ஒன்றரை மணி நேரமும் கைப்பேசி தாயாரிடம் இருக்கட்டும் என்றோம். அப்போதுதான் அவன் முகம் முதல் தடவையாக வாடிற்று!

வருகைப் பதிவையும் அசட்டை செய்யக்கூடாது. பொதுவாக நூற்றுக்கு 75 நாள் வருகை இல்லாதவனைத் தேர்வெழுத விடமாட்டார்கள், அல்லது அபராதம் கட்டச் சொல்வார்கள். பல கல்லூரிகளில் 25 மதிப்பெண் வகுப்பிலேயே போடப்படுகிறது. அது வகுப்பில் இருந்தவனுக்கு எளிதாகக் கிடைப்பது. அதை விட்டுவிட்டு மீதி 75-இல் தேறப் பார்ப்பவன், ஒரு காலைக் கட்டிக்கொண்டு ஓடப் பார்க்கிறான்.

பேச்சு இங்கே வந்தபோது அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னான். “கணித மேதை இராமானுஜமே கும்பகோணம் காலேஜில் பெயிலானவர்தானே, ஹஜ்ரத்!”

உண்மைதான். நம் காவிரிக் கரை மாணவர்தான் அவர். 1904-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. ஆங்கிலத்தில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1907-ல் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டமில்லாததால் ஆண்டுக்கணக்கில் வேலைக்கு அலைந்து, 1912-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. 1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதமும், 1918-ல் ராயல் சொசைட்டியில் கிடைத்த இடமும் எல்லோருக்கும் தெரிந்தவை.

ஆனால் பெயிலான அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டுப் போட்டு முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். இராமானுஜம் பெயிலானதை எடுத்துக் காட்டுகிறவர்கள் அந்த முழங்கையையும் காட்ட வேண்டும். “தம்பி, ஐந்து அரியர் வந்த அந்த மாதங்களில் நீ எதைப் போட்டு அழித்தாய்?” என்று கேட்டோம். பதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. அத்தனை பெரிய அறிவாளிக்கும், பிடிக்காத பாடத்தை ஒதுக்கியதற்கான விலையைக் கொடுக்காமல் தப்ப முடியவில்லை. ஐந்து ஆண்டு அலைச்சலாகக் கொடுத்தார். நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

சாக்குகளுக்கு நம் வீடுகளில் பஞ்சமே இல்லை. பஸ் தாமதம், ஆசிரியர் சரியில்லை, கேள்வித்தாள் கடினம், கூட்டாளி கெடுத்துவிட்டான். இவற்றில் சில மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் மறுமையில் அடியானின் பாதங்கள் நகருமுன் அவன் ஆயுளையும், வாலிபத்தையும், பொருளையும், கல்வியையும் பற்றிக் கேட்கப்படுவான் என்று ஹதீஸில் வந்திருக்கிறதே, அங்கே பஸ் கம்பெனிக்காரர் வந்து நமக்காகப் பதில் சொல்வாரா? கணக்குக் கேட்கப்படுமுன் நம்மை நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளும்படி உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தினார்கள். வணிகவியல் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக என்ன சொல்ல முடியும்?

பெற்றோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஒவ்வொருவரும் மேய்ப்பரே, ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றிக் கேட்கப்படுவர் என்ற நபிமொழி மகனுக்கு மட்டும் சொன்னதல்ல. கல்யாணப் பத்திரிகை கொடுக்க மகன், சீர்காழிக்குப் போய்ச் சாமான் வாங்க மகன், கரண்டு பில் கட்ட மகன், சபராளி வந்தால் விமான நிலையத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு போக மகன் என்று பரீட்சை மாதத்திலும் ஏவிவிட்டு, பிறகு மதிப்பெண்ணைக் கேட்பது எந்த நியாயம்? வெளிநாட்டிலிருக்கும் தகப்பனார்கள் “பாஸா, பெயிலா?” என்று மட்டும் கேட்பதை விட்டுவிட்டு, “இந்த வாரம் என்ன பாடம் நடந்தது?” என்று கேட்டால், பொய் சொல்வதற்கு அவ்வளவு எளிதாக இடம் இருக்காது. பாஸ் என்பது ஒரு வார்த்தை. பாடத்தைப் பற்றிப் பத்து வார்த்தை பேச வேண்டுமானால் படித்திருக்க வேண்டும்.

மிஞ்சியிருந்தது அந்தப் பொய். நினைவாற்றல் குறைந்ததாகத் தம் ஆசிரியர் வகீஃ (ரஹ்) அவர்களிடம் முறையிட்ட இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்குப் பாவங்களை விட்டுவிடும்படி உபதேசம் கிடைத்ததாகச் சொல்லப்படுவதை அறிவீர்கள். இதைச் சிலர் மந்திரம் போல நினைக்கிறார்கள். நமக்கோ இது நடைமுறை உண்மையாகவே தோன்றுகிறது. தகப்பனாரின் தொலைபேசி வரும்போதெல்லாம் நெஞ்சு படபடக்க, போன மாதம் எந்தப் பொய்யைச் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் மனதில் வணிகச் சட்டத்துக்கு எங்கே இடமிருக்கும்? ஒரு பொய்யைக் காவல் காப்பதே முழு நேர வேலை அல்லவா?

“அத்தாவின் நோட்டில் ‘எல்லாம் பாஸ்’ என்று இருக்கிறது, கல்லூரியின் புத்தகத்தில் ‘ஐந்து பாக்கி’ என்று இருக்கிறது. சரிகட்டும் பட்டியலை இன்று முதல் உனக்குப் போடத் தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தோம். தாயாரிடம் நாம் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் அவன்.

மூன்று வெள்ளிக்கிழமை கழித்து மீண்டும் அந்த ஊருக்குப் போக நேர்ந்தது. பள்ளிவாசல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முந்தைய வாரம் அம்மாவிடம் சொன்னானாம், அழுதார்களாம். அன்றிரவே அத்தாவுக்கும் சொல்லியிருக்கிறான். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இவன் இரண்டு தடவை “அத்தா, அத்தா” என்று கூப்பிட்டானாம். பிறகு அவர், “பரீட்சை எந்தத் தேதி?” என்று கேட்டிருக்கிறார். தேதியைச் சொன்னதும், “எந்தப் பாடத்தை முதலில் எடுத்திருக்கிறாய்?” என்றாராம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லையாம்.

“எதை எடுத்திருக்கிறாய்?” என்று நாமும் கேட்டோம்.

வணிகச் சட்டம் என்றான். பள்ளிவாசல் ஹவுளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை நம் கையில் கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் செல்லுபடியாவதற்கு வேண்டிய அம்சங்களைச் சொல்ல ஆரம்பித்தான். முன்மொழிவு, ஏற்பு, சட்ட உறவு கொள்ளும் எண்ணம், மறுபயன், தகுதி, மனமொத்த சம்மதம் என்று ஆறு வந்தது. ஏழாவதில் நின்றுவிட்டான். புத்தகத்தை எட்டிப் பார்க்க வந்தான். நாம் மூடிக்கொண்டோம்.

“இன்னும் கொஞ்சம் யோசி” என்றோம்.